'டெலிவரி' என்றொரு சொல்

"டெலிவரி ஆயிடுச்சா?" என்று நம்மவர் ஒருவர் தொலைபேசியில் கேட்டால், அவர் விசாரிப்பது குழந்தையையா, கேஸ் சிலிண்டரையா என்பதை முன்பின் பேச்சை வைத்துத்தான் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டுக்குப் பிட்சா கொண்டுவரும் பையனும் டெலிவரி செய்கிறான். மகப்பேறு மருத்துவரும் டெலிவரி செய்கிறார். பிள்ளை பெற்ற பெண்ணும் டெலிவரி ஆகிறாள். ஒரே சொல்லுக்கு இத்தனை வேலை எப்படி வந்தது?

நம் சங்கத்து இளம் உறுப்பினர் ஒருவர் இதையே வேறு விதமாக என்னிடம் கேட்டார். அலுவலக நண்பர்களுக்கு மகள் பிறந்த செய்தியை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். 'ஷி டெலிவர்ட் எ பேபி' என்பது சரியா, 'ஷி வாஸ் டெலிவர்ட் ஆஃப் எ பேபி' என்பது சரியா, 'தி டாக்டர் டெலிவர்ட் தி பேபி' என்பது சரியா? மூன்றும் சரி. ஆனால் மூன்றும் ஒன்றல்ல. முதலாவதில் வேலை செய்பவள் தாய். மூன்றாவதில் வேலை செய்பவர் மருத்துவர். நடுவில் உள்ளதில்தான் விஷயமே இருக்கிறது.

நான் ஆங்கிலப் பேராசிரியன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, ஓய்வு பெற்று, கோபர்கைரனேயில் பால்கனித் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பவன். என்றாலும் டெலிவரி என்ற சொல்லோடு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் குடித்தனம் நடத்தியவன் என்ற தகுதி எனக்கு உண்டு. பார்சல் ஆபீசிலும் கூட்ஸ் ஷெட்டிலும் அந்தச் சொல் காதில் விழாத நாள் கிடையாது. ஆர்.ஆர். என்கிற ரயில்வே ரசீதைக் கொடுத்தால்தான் டெலிவரி. குறித்த நேரத்துக்குள் சரக்கை எடுக்காவிட்டால் வார்ஃபேஜ் கட்ட வேண்டும். மூட்டை பிரிந்திருந்தாலோ பெட்டி உடைந்திருந்தாலோ பெறுபவர் 'ஓப்பன் டெலிவரி' கேட்கலாம். அதாவது எல்லார் கண்முன்னாலும் பிரித்துப் பார்த்து, எடை போட்டு, சேதத்தை எழுதி வாங்கிக்கொள்ளலாம். ஒருவர் சரக்கை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டால் அது 'ராங் டெலிவரி'. ஊரில் பம்பு செட் வைத்திருக்கும் விவசாயிக்கும் இந்தச் சொல் பழக்கம்தான். கிணற்றுக்குள் இறங்குவது சக்ஷன் பைப், தண்ணீரை வெளியே தள்ளுவது டெலிவரி பைப்.

எங்கள் அலுவலகத்தில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்தார். எண்பதுகளில் நடந்தது. மனைவி தலைப்பிரசவத்துக்குப் பாளையங்கோட்டையில் தாய்வீட்டில் இருந்தார். நண்பர் லீவு விண்ணப்பம் எழுதினார். மனைவி பாளையங்கோட்டையில் இன்ன வாரத்தில் 'டு பி டெலிவர்ட்' என்று எழுதியிருந்தார். எங்கள் மேலதிகாரி பஞ்சாப்காரர், நல்ல மனிதர், வேடிக்கைப் பேர்வழி. விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, "பார்சலிலா, கூட்ஸிலா? ஆர்.ஆர். நம்பர் போடவில்லையே?" என்று கேட்டார். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. லீவு கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அங்கே இலக்கணம் தெரிந்து எழுதியவர் கிளார்க்தான். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் பழைய ஆசிரியரிடம் படித்த இங்கிலீஷ் அது.

ஏனென்றால், டெலிவர் என்ற வினைச்சொல்லின் மூலப்பொருள் ஒப்படைத்தல் அன்று, விடுவித்தல். லத்தீன் மொழியில் 'லீபெர்' என்றால் சுதந்திரமான என்று பொருள். அதிலிருந்து 'லீபெராரே', விடுதலை செய்தல். லிபர்ட்டியும் அந்தக் குடும்பம்தான். பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்தபோது டெலிவர் ஆயிற்று. கிறிஸ்தவ அன்பர்கள் ஆங்கிலத்தில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது, தீமையிலிருந்து எங்களைக் காத்தருளும் என்று வேண்டுகிற இடத்தில் வருவது இதே வினைதான். இங்கிலாந்தின் பழைய நீதிமன்ற வழக்கில் 'ஜெயில் டெலிவரி' என்று ஓர் அதிகாரம் உண்டு. யாரும் சிறைச்சாலையைப் பார்சல் கட்டி அனுப்புவதில்லை. விசாரணைக்காக அடைபட்டிருக்கும் கைதிகளை எல்லாம் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லி, சிறையைக் காலி செய்வது என்று அர்த்தம்.

விடுவித்தல் எப்படி ஒப்படைத்தல் ஆயிற்று என்பதும் எளிதுதான். பிடித்து வைத்திருந்த ஒன்றை விட்டுவிடுகிறோம். விட்டது இன்னொருவர் கைக்குப் போகிறது. கொஞ்ச காலத்தில் விட்டதை மறந்து, கைக்குப் போனதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறோம். இதே வேரில் பிறந்த இன்னொரு சொல் எங்கள் ரயில்வேக்கு மிக நெருக்கம். ரயில் பெட்டிக்கு அடிக்கும் வண்ணத்தை 'லிவரி' என்பார்கள். பிரபுக்கள் வீட்டு வேலையாட்களுக்கு எஜமானர் கொடுத்த உடை முதலில் லிவரி; பிறகு அந்த உடையின் நிறம்; பிறகு ரயில் கம்பெனிகளின் பெட்டிகளுக்கு அடித்த நிறம். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிகள் தொண்ணூறுகளில் செங்காவியிலிருந்து நீலத்துக்கு மாறின. மாட்டுங்கா ஒர்க்ஷாப்பில் பெட்டிகள் ஓவர்ஹாலுக்கு வந்து புது வர்ணத்தில் போவதைப் பார்த்த காலத்தில், அந்த நீலமும் பிரசவ வார்டும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

இப்போது நடுவில் விட்ட வாக்கியத்துக்கு வருவோம். 'ஷி வாஸ் டெலிவர்ட் ஆஃப் எ சன்' என்பதற்குச் சொல்லுக்குச் சொல் பொருள் சொன்னால், அவள் ஒரு மகனிடமிருந்து விடுவிக்கப்பட்டாள் என்று ஆகும். இங்கே டெலிவர் ஆகிறது குழந்தை இல்லை, தாய். பத்து மாதப் பாரத்திலிருந்தும், வலியிலிருந்தும், எல்லாவற்றையும்விட உயிராபத்திலிருந்தும் அவள் தப்பினாள் என்பதே அந்தச் சொற்றொடர் சொல்லும் செய்தி. 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் பிள்ளை பெறும் இடங்களில் இந்த அமைப்பே வருகிறது. ஆங்கிலத் திருச்சபையின் பழைய வழிபாட்டு நூலில் பிரசவமான பெண் கோயிலுக்கு முதன்முதலாக வரும்போது செய்யும் நன்றி வழிபாடு ஒன்று உண்டு. அதில் நன்றி சொல்வது குழந்தை கிடைத்ததற்கு அன்று. பெரிய ஆபத்திலிருந்து அவள் பிழைத்து வந்ததற்கு.

நம் பாட்டிமார் என்ன சொன்னார்கள்? "பெத்துப் பொழச்சு வரணும்" என்றார்கள். "பிரசவம் பொம்பளைக்கு மறுபொறப்பு" என்றார்கள். சீமந்தம் முடிந்து தாய்வீட்டுக்குக் கிளம்பும் பெண்ணை வண்டியேற்றிவிட்டு மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டது பிரிவுக்காக மட்டும் அல்ல. இங்கிலாந்துக் கிழவிக்கும் இடையன்குடிக் கிழவிக்கும் இருந்த பயம் ஒன்றே. அந்தப் பயத்தில் பிறந்த சொல்தான் டெலிவரி.

அந்தப் பயம் எவ்வளவு நியாயமானது என்பதற்குத் திண்டிவனத்தில் நடந்த சம்பவம் ஒன்று போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் நடந்தது. அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஒருவரின் மகள் ஐடா ஸ்கடர், தாயைப் பார்த்துக்கொள்ள அங்கே வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியரைப் பார்க்க வருமாறு அவரை அழைத்தனர். நான் டாக்டர் இல்லை, என் அப்பாதான் டாக்டர், அவர் வருவார் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். மறுநாள் விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டனர். ஊரைவிட்டுத் திரும்பிப் போகலாம் என்றிருந்த ஐடா மருத்துவம் படித்தார். 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூருக்கு வந்தார். ஒரு கட்டிலோடு தொடங்கியது இன்று சி.எம்.சி. ஆஸ்பத்திரி. அங்கே 1918-இல் அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளி பெண்களுக்கானது. அந்த மூன்று பெண்களும், பழைய ஆங்கிலத்தில் சொன்னால், டெலிவர் ஆகாமல் போனவர்கள்.

இன்றைய நிலை எவ்வளவோ மேல். 2018-20 ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒரு லட்சம் குழந்தைகள் பிறக்கையில் 97 தாய்மார்கள் இறந்தார்கள். மகாராஷ்டிரத்தில் 33, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. ஆபத்து குறையக் குறைய, தாய் விடுபட்டாள் என்கிற வாக்கியமும் புத்தக அலமாரிக்குள் போய்விட்டது. இன்று ஆங்கிலேயர் யாரும் பேச்சில் அப்படிச் சொல்வதில்லை. எழுத்தில் எழுதினால் பழைய வாடை அடிக்கும். குழந்தை டெலிவர் ஆகிறது, டாக்டர் டெலிவர் செய்கிறார் என்பதுதான் நடைமுறை. ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் இரண்டும் சேர்ந்து நடந்திருப்பது கவனிக்கத்தக்கது.

ஆங்கிலம் ஒரே வினையைத் தாய்க்கும் பிள்ளைக்கும் மருத்துவருக்கும் மாற்றி மாற்றிப் போட்டுத் திண்டாடுகிறது. நம் மொழியில் அந்தத் திண்டாட்டம் இல்லை. தாய் பெறுகிறாள். குழந்தை பிறக்கிறது. மருத்துவச்சி பிரசவம் பார்க்கிறாள். மூவருக்கும் மூன்று வினை. அதிலும் 'பார்க்கிறாள்' என்ற சொல்லின் அடக்கத்தைப் பாருங்கள். எத்தனை பெரிய டாக்டராக இருந்தாலும் தமிழில் அவர் பிரசவம் 'பார்க்க'த்தான் முடியும். பெறுகிற வேலை தாயுடையது. திருச்சி மலைக்கோட்டையில் கோயில் கொண்டிருக்கும் தாயுமானவர் கதை எல்லாருக்கும் தெரியும். காவிரியில் வெள்ளம், ரத்தினாவதி என்ற செட்டிப் பெண்ணின் தாயால் ஆற்றைக் கடந்து வர முடியவில்லை, சிவபெருமானே தாய் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். கோயில் விழாவில் இன்றும் இதைச் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்று நடத்துகிறார்கள். கடவுளே வந்தாலும் அவர் பார்த்தார், அவள்தான் பெற்றாள். கத்தி வைக்கும்போது மட்டும் வினை மாறும். "ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க", "ஆயுதம் போட்டு எடுத்தாங்க" என்போம். அங்கே மருத்துவருக்கு ஒரு வேலை உண்டு என்று தமிழ் ஒத்துக்கொள்கிறது.

பெறுதல் என்பதை இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சம்பளம் பெறுவதும் பரிசு பெறுவதும் எந்த வினையோ அதே வினையால்தான் பிள்ளையும் பெறுகிறோம். பேறு என்றால் பிரசவம். பேறு என்றால் பாக்கியம். பெற்றோர் என்றால் பெற்றுக்கொண்டவர்கள். திருக்குறளின் ஏழாம் அதிகாரத்துக்கு மக்கட்பேறு என்று பெயர். கன்னடத்தில் பிரசவத்தை 'ஹெரிகே' என்பார்கள். நம் பகரம் அங்கே ஹகரமாகும், அதுவும் பெறுதல்தான். மலையாளத்தில் பேறு பார்ப்பவள் 'பேற்றிச்சி'. ஆக, கூட்ஸ் ஷெட் பாஷையில் சொன்னால், ஆங்கிலேயர் அனுப்புகிற பக்கத்திலிருந்து எழுதிய கணக்கைத் தமிழர் பெறுகிற பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு அது அவுட்வர்டு, நமக்கு இன்வர்டு!

பழைய தமிழில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஈனுதல் என்று சங்கப் புலவர்கள் பாடினார்கள். புறநானூற்றுத் தாயும் குறளில் வரும் தாயும் பிள்ளையை ஈன்றவர்கள். இன்று ஈனுவது யார்? பசுமாடு! "தலையீத்து மாடு", "ரெண்டாம் ஈத்து" என்று சந்தையில் பேசுகிறார்கள். வாழையும் குலை ஈனும். மனிதத் தாய்க்கு ஈன்ற என்ற சொல் மேடைப் பேச்சிலும் நினைவஞ்சலியிலும் மட்டும் மிச்சமிருக்கிறது. 'பயந்த' என்றொரு சொல் இருந்தது. இவள் பயந்த மகன் என்றால் இவள் பெற்ற மகன். இன்று அப்படி எழுதினால், தாயைக் கண்டு நடுங்கும் பையன் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆடும் நாயும் குட்டி போடும், கோழி முட்டையிடும், தேங்காய் காய்க்கும் என்று நாம் பிரித்துச் சொல்வதுபோல ஆங்கிலத்திலும் உண்டு. பசுவுக்குக் 'காவ்', குதிரைக்கு 'ஃபோல்', ஆட்டுக்கு 'லாம்', பன்றிக்கு 'ஃபாரோ', நாய்க்கு 'வெல்ப்'. பண்ணையோடு வாழ்ந்த ஜனங்களின் மொழிகள் எல்லாம் இப்படித்தான் இருக்கும்போலும்.

பிரசவம் என்பது வடசொல். சு என்னும் தாதுவிலிருந்து வருவது. இந்த மும்பை மாநகராட்சியின் பிரசவ விடுதி வாசலில் 'பிரசூதி கிருஹ' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்தக் குடும்பமே. மராத்தியில் மருத்துவச்சிக்குச் 'சுயீண்'.

டெலிவரிக்குப் பங்காளிகளான வேறு சில ஆங்கிலச் சொற்களையும் பார்த்துவிடலாம். மிட்வைஃப் என்பதில் உள்ள வைஃப் மனைவி அல்ல. பழைய ஆங்கிலத்தில் பெண். மிட் என்றால் 'உடன்'. பெண்ணுடன் இருப்பவள் என்று அழகான பொருள். ஆப்ஸ்டெட்ரிக்ஸ் என்ற பெரிய சொல்லுக்கும் அடியில் இருப்பது எதிரே நிற்பவள் என்ற லத்தீன் சொல்தான். லேபர் வார்டு என்பதில் லேபர் என்றால் உழைப்பு. இதற்கு இணையாகப் பழைய ஆங்கிலத்தில் 'ட்ராவெய்ல்' என்று இன்னொரு சொல் உண்டு. பாடுபடுதல், பேற்று நோவு இரண்டும் அதுவே. பிரயாணம் என்று நாம் அறிந்த 'ட்ராவல்' அதிலிருந்து பிரிந்த சொல்தான் என்றால் நம்புவீர்களா? அந்தக் காலத்தில் ஊர்விட்டு ஊர் போவது அவ்வளவு பாடாக இருந்திருக்கிறது. காலை எட்டரை மணிக்கு டோம்பிவலியில் ஃபாஸ்ட் லோக்கல் ஏறுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிசேரியன் பற்றி ஒரு கட்டுக்கதை உலவுகிறது. ஜூலியஸ் சீசர் வயிற்றைக் கிழித்துப் பிறந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். அந்த நாளில் தாய் இறந்த பிறகோ, பிழைக்கமாட்டாள் என்று தெரிந்த பிறகோதான் அப்படிச் செய்வார்கள். சீசரின் தாய் அவுரேலியாவோ மகன் வளர்ந்து பெரிய ஆளான பிறகும் உயிரோடு இருந்தார். வெட்டுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. இறந்த தாயிடமிருந்து குழந்தையைக் காப்பாற்ற வந்த முறை இன்று இருவரையும் காப்பாற்றுகிறது, மறுக்க முடியாது. ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாடு முழுதும் நூற்றுக்கு 21 சொச்சம் பிரசவங்கள் சிசேரியன் என்றால், தமிழ்நாட்டில் 45-ஐத் தொட்டுவிட்டது. நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 1985-இல் சொன்னதை நினைத்துப் பார்க்கிறேன். 'சுகப்பிரசவம்' என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கும்போது 'நார்மல்' என்று நாம் சொல்வதும் எனக்குப் பிடிப்பதில்லை. வயிற்றில் தையல் போட்டுப் படுத்திருக்கும் பெண் அப்நார்மலா என்ன?

கன்ஃபைன்மென்ட் என்ற சொல் வேறு வகை. அடைபட்டிருத்தல் என்பது அதன் நேர்ப்பொருள். டெலிவரி என்றால் விடுதலை, கன்ஃபைன்மென்ட் என்றால் அடைப்பு. இரண்டும் ஒரே நிகழ்ச்சிக்குப் பெயர் என்பது ஆங்கிலத்தின் விநோதம். சென்னை எழும்பூரில் நம் ஜனங்கள் 'பிள்ளை பெத்த ஆஸ்பத்திரி' என்று அழைத்த அரசு மருத்துவமனை 1844-இல் தொடங்கியபோது அதற்கு 'லையிங்-இன் ஹாஸ்பிட்டல்' என்று பெயர், படுத்திருக்கும் ஆஸ்பத்திரி! வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு இப்படிச் சுற்றி வளைத்தார்கள். நாமும் லேசுப்பட்டவர்கள் அல்லர். "முழுகாம இருக்கா", "உண்டாயிருக்கா", "வாயும் வயிறுமா இருக்கா" என்று சொல்வதெல்லாம் எதற்காக? சிங்கப்பூர், மலேசியாவில் கன்ஃபைன்மென்ட் இன்றும் அன்றாடச் சொல். பிரசவமான வீட்டில் ஒரு மாதம் தங்கிச் சமைத்து, தாயையும் பிள்ளையையும் கவனிக்க வரும் பெண்மணியைக் 'கன்ஃபைன்மென்ட் லேடி' என்கிறார்கள். நம் பக்கத்தில் அந்த வேலையைப் பெண்ணின் தாயார் சம்பளம் இல்லாமல் பார்க்கிறார். மாட்டுங்கா மார்க்கெட்டில் சுக்கு, கண்டந்திப்பிலி, ஓமம் என்று பட்டியலோடு நிற்கும் அம்மாளைப் பார்த்தால் மகளுக்கு நாள் நெருங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். மராத்திக்காரர்கள் வீட்டில் அதே சமயத்தில் பிசின் சேர்த்த டிங்க் லாடு உருண்டுகொண்டிருக்கும்.

இவையெல்லாம் சொல் விளையாட்டுத்தானே என்று சிலர் நினைக்கலாம். ஒரு சொல்லின் பொருளில் பன்னிரண்டு வாரச் சம்பளம் அடங்கியிருந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

1994 என்று நினைவு. தாராவியில் என்னுடன் வேலை பார்த்தவரின் தங்கை, ஒரு சிறு தொழிற்கூடத்தில் வேலை செய்துவந்தார். இ.எஸ்.ஐ. அந்த இடத்துக்கு வரவில்லை. எட்டாம் மாதத்தில் வலி கண்டு, குழந்தை இறந்தே பிறந்தது. தாய் பிழைத்தார். பச்சை உடம்போடு அவர் படுத்திருக்கையில், தொழிற்கூடத்துக் கணக்கர் ஆள் அனுப்பி, "டெலிவரி லீவு குழந்தைக்காகக் கொடுப்பது, குழந்தை இல்லாததால் லீவும் இல்லை. அடுத்த வாரம் வராவிட்டால் சம்பளம் பிடிக்கப்படும்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, அவன் சொல்றது சட்டமா?" என்று கேட்டார். குழந்தையைப் புதைத்து நான்கு நாள் ஆகியிருந்தது. அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ரயில்வேக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதற்கும் விதிப் புத்தகத்தைத் திறந்து, முதலில் சொற்பொருள் விளக்கப் பகுதியைப் படிப்பான். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு உதவிச் சட்டத்தின் பிரதி ஒன்றைத் தேடிப்பிடித்தோம். அதன் மூன்றாம் பிரிவில் இருந்தது விஷயம். 'டெலிவரி' என்றால் குழந்தை பிறத்தல். சரி, 'குழந்தை' என்றால்? இறந்து பிறந்த குழந்தையும் அதில் அடங்கும் என்று அதே பிரிவு சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கணக்கர் வாதம் நிற்காது. முந்தைய பன்னிரண்டு மாதத்தில் எண்பது நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பெண் அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் செய்திருந்தார். அன்றிருந்த விதிப்படி பன்னிரண்டு வாரச் சம்பளம். ஆஸ்பத்திரிச் சான்றிதழை இணைத்து, இரண்டு வரையறைகளையும் அப்படியே எடுத்தெழுதி, ஒரு பக்கக் கடிதம் கொடுத்தோம். கோபமான வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. முதலாளி கணக்கரைவிட விவரமானவர். இரண்டு தவணையில் முழுப்பணமும் வந்தது.

அந்தப் பெண்ணுக்கு டெலிவரி ஆயிற்று என்பதை ஒரு சட்டம் ஒப்புக்கொண்டது, அவ்வளவுதான். பிற்பாடு தெரிந்துகொண்டேன்: 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் டெலிவரி என்ற சொல்லை வைத்துக்கொள்ளாமல் கன்ஃபைன்மென்ட் என்ற பழைய சொல்லையே எடுத்து, இருபத்தாறு வாரத்துக்குப் பிறகு நோவு கண்டு பிள்ளை வெளிவந்தால், உயிரோடிருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கன்ஃபைன்மென்ட்தான் என்று வரையறுத்திருந்தது. சட்டம் எழுதியவர்கள் பார்த்தது தொட்டிலை அல்ல, கட்டிலில் கிடந்தவளை. இந்த வகைச் சட்டத்துக்கு இந்தியாவிலேயே முதலில் வழி காட்டியது இந்த மும்பைதான் என்பதும் நாம் அறிந்திருக்க வேண்டியது. ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்காகப் பம்பாய் மாகாணத்தில் 1929-இல் மகப்பேறு உதவிச் சட்டம் வந்தது. அதற்கான மசோதாவை ஆதரித்துச் சட்டசபையில் பேசியவர்களில் டாக்டர் அம்பேத்கரும் ஒருவர். 2017-இல் பன்னிரண்டு வாரம் இருபத்தாறு வாரமாயிற்று. இரண்டு குழந்தைகள் ஏற்கனவே இருந்தால் பன்னிரண்டுதான்.

ஆகவே அந்த இளம் உறுப்பினருக்கு என் யோசனை இது. நண்பர்களுக்கு எழுதும் ஆங்கிலச் செய்தியில் 'கேவ் பர்த்' என்று எழுதிவிடுங்கள். எந்த ஊர்க்காரரும் சிரிக்க மாட்டார். ஆஸ்பத்திரி, ஆபீஸ் காகிதங்களில் டெலிவரி என்றே இருக்கட்டும். தமிழில் எழுதுவதானால் 'பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் சேயும் நலம்' என்ற பழைய தந்தி வாசகத்துக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. தந்திக்குக் காசு வார்த்தைக் கணக்கு என்பதால் நம்மவர்கள் கண்டுபிடித்த சுருக்கம் அது. 2013 ஜூலையில் தந்தியே போய்விட்டது, வாசகம் நிற்கிறது.

என் மகளுக்கு வாஷியில் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனபோது, எங்கள் மாடியில் குடியிருக்கும் மராத்திப் பாட்டி, விடியற்காலையில் கதவைத் தட்டி என் மனைவியிடம், "சுட்லி கா?" என்று கேட்டார். என் மனைவிக்குத் தெரிந்த மராத்தி காய்கறிக் கடையோடு சரி. "சுட்டாளாவா? எதைச் சுட்டாள்?" என்று என்னைப் பார்த்து விழித்தாள். சுட்ணே என்றால் விடுபடுதல். கட்டவிழ்ந்து போவது எல்லாம் அந்த வினைதான். பள்ளிக்கூடம் விட்டால் சுட்லி. அதனால்தான் விடுமுறைக்குச் 'சுட்டி'. பிள்ளை பெற்றவளுக்கும் அதையே சொல்கிறார்கள். சுகமாக விடுபட்டாளா என்று பாட்டி கேட்டிருக்கிறார். ஆங்கிலம் ஒரு எழுத்துகூட அறியாத அந்த அம்மாள், பழைய ஆங்கிலத்தின் இலக்கணத்தை அப்படியே மராத்தியில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஹோ ஆஜி, சுட்லி. பொண்ணு" என்றேன், பாதி மராத்தியிலும் பாதித் தமிழிலும். பாட்டிக்குப் புரிந்துவிட்டது. ஸ்டேஷன் பக்கம்தான் எங்கள் கட்டடம். தாணேக்குப் போகும் முதல் வண்டிகளில் ஒன்று அப்போதுதான் நகர்ந்தது. அதற்கும் மராத்தியில் அதே வார்த்தைதான்: காடி சுட்லி.